கரோல் பாக்கில் டேப் வாங்கப் போறீங்களா? 'பத்து மணி நேரம் ஓடும்' என்பதற்கு என்ன அர்த்தம்?

டெல்லி கரோல் பாக்கில் உள்ள கஃபார் மார்க்கெட்டில் டேப்லெட் வாங்க நிற்பவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்த கேள்வி, "பேட்டரி பேக்கப் எவ்வளவு?". எந்தக் கடையில் எந்த பிராண்டைக் காட்டிக் கேட்டாலும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "பத்து மணி நேரம் ஆராமா ஓடும்."

ஐபேடும் பத்து, சாம்சங்கும் பத்து, ஷாவ்மியும் பத்து என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பேட்டரி பெரிதாக இருப்பதை வாங்குவதா, பேனாவும் நல்ல திரையும் இருப்பதை வாங்குவதா?

கரோல் பாக்கில் இந்தக் கேள்வியோடு நிற்பவர்களில் கணிசமானவர்கள் மாணவர்கள். நடந்து போகும் தூரத்தில்தான் பழைய ராஜிந்தர் நகர் இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராக தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இங்கே பிஜி அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். பாடக் குறிப்புகள், செய்தித்தாள், பழைய கேள்வித்தாள், வகுப்பு வீடியோ என எல்லாம் இப்போது பிடிஎஃப் ஆகவும் செயலியாகவும்தான் வருகின்றன.

தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை தரப்படுகிறது. 34,900 ரூபாய் விலையுள்ள ஒரு டேப் என்பது அதில் நாலரை மாதப் பணத்துக்கும் மேல். தவறாக வாங்கிவிட்டால் மாற்றி வாங்க வழி இல்லை. அதனால் கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்குகளை இங்கே பார்ப்போம்.

எம்ஏஎச் அதிகமா இருந்தா அதிக நேரம் ஓடுமா?

கடைக்காரர் சொல்லும் எண் எம்ஏஎச், அதாவது மில்லி ஆம்பியர் ஹவர். 8,000, 8,850, 9,510 என்று வரும். இது பேட்டரி எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பதைக் காட்டும் அளவு. எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதை அறிய இதை மின்னழுத்தத்தால், அதாவது வோல்டால் பெருக்க வேண்டும். அப்போது கிடைப்பது வாட்-ஹவர்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவு வாட்-ஹவர். குழாயில் நொடிக்கு எவ்வளவு ஒழுகுகிறது என்பது வாட். தொட்டியைக் குழாயால் வகுத்தால் எத்தனை மணி நேரம் தண்ணீர் வரும் என்பது தெரிந்துவிடும்.

டேப்லெட் பேட்டரிகளின் சராசரி மின்னழுத்தம் 3.8 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஆக, 8,000 எம்ஏஎச் என்பது சுமார் 31 வாட்-ஹவர். ஆப்பிள் நிறுவனம் ஐபேடுக்கு எம்ஏஎச் சொல்வதில்லை, நேரடியாக வாட்-ஹவர்தான் சொல்கிறது. 2025 மார்ச்சில் அறிமுகமான ஏ16 சிப் கொண்ட ஐபேடுக்கு 28.93 வாட்-ஹவர். அதை எம்ஏஎச் ஆக மாற்றினால் ஏறக்குறைய 7,600 வரும்.

அந்த ஐபேட் 10 மணி நேரம் ஓடும் என்று ஆப்பிள் சொல்கிறது. 28.93-ஐ 10-ஆல் வகுத்தால் 2.9 வாட். அதாவது அந்தச் சோதனையில் டேப் சராசரியாக 3 வாட்டுக்குள் செலவழித்திருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் விதத்தில் அது 4 வாட் செலவழித்தால், அதே பேட்டரி ஏழே கால் மணி நேரம்தான் நிற்கும். நிறுவனம் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டிய விதம் வேறு, நீங்கள் ஓட்டும் விதம் வேறு.

இன்னொரு சின்ன விஷயம். பெட்டியில் எழுதியிருக்கும் எம்ஏஎச் பெரும்பாலும் 'டிப்பிகல்' எனப்படும் சராசரி மதிப்பு. குறைந்தபட்ச உத்தரவாத அளவு இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அது அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் இருக்கும்.

'பத்து மணி நேரம்' எங்கிருந்து வந்தது?

2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை அறிமுகப்படுத்தியபோது சொன்ன எண் 10 மணி நேரம். அதன் பேட்டரி 25 வாட்-ஹவர். 2012-ல் வந்த மூன்றாவது ஐபேடில் பேட்டரி 42.5 வாட்-ஹவர் ஆனது. 70 சதவீதம் பெரிய பேட்டரி. ஆனால் அறிவித்த நேரம் மாறவில்லை, அதே 10 மணி நேரம்தான்!

கூடுதல் பேட்டரி எங்கே போனது? நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட ரெடினா திரைக்கு. பெரிய பேட்டரி என்றதும் கூடுதல் நேரம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மறுபக்க உதாரணம் டெல்லியிலேயே இருக்கிறது. 2011 அக்டோபர் 5 அன்று அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை இங்கே வெளியிட்டார். மாணவர்களுக்கான உலகின் மிக மலிவான டேப் என்று பேசப்பட்டது. 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி ரேம், 2,100 எம்ஏஎச் பேட்டரி. அழுத்தினால்தான் வேலை செய்யும் தொடுதிரை, மந்தமான வேகம், சீக்கிரம் தீரும் பேட்டரி ஆகிய மூன்றும்தான் அதன்மீது எழுந்த முக்கியப் புகார்கள்.

2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட 'ஆகாஷ் 2'-ல் பேட்டரி 3,000 எம்ஏஎச், ரேம் 512 எம்பி, பிராசஸர் 1 ஜிகாஹெர்ட்ஸ் என உயர்த்தப்பட்டன. தொடுதிரையும் மாற்றப்பட்டது. ஆனால் அதற்குள் மாணவர்கள் மத்தியில் முதல் பதிப்பின் பெயர் கெட்டுப்போயிருந்தது. விலை எவ்வளவு குறைந்தாலும், ஒரு வகுப்பு முடிவதற்குள் அணைந்துவிடும் கருவியை வைத்துப் படிக்க முடியாது என்பதே அதில் கிடைத்த பாடம்.

நான்கு டேப்கள், ஒரே கணக்கு

கரோல் பாக் கடைகளில் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் விலை வரம்பில், அதாவது 25,000 முதல் 40,000 ரூபாய்க்குள், இந்தியாவில் அறிமுகமான நான்கு மாடல்களை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை அறிமுக விலைகள். இப்போது கடையில் கூடலாம், குறையலாம்.

ஐபேட் ஏ16: 34,900 ரூபாய். 28.93 வாட்-ஹவர். எடை 477 கிராம். பெட்டியிலேயே 20 வாட் சார்ஜர்.

சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 எஃப்இ: 36,999 ரூபாய். 8,000 எம்ஏஎச், அதாவது சுமார் 31 வாட்-ஹவர். எடை 523 கிராம். 45 வாட் வரை ஏற்கும், ஆனால் அந்தச் சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும். எஸ் பென் பெட்டியிலேயே வரும்.

ஷாவ்மி பேட் 7: 27,999 ரூபாய். 8,850 எம்ஏஎச், சுமார் 34 வாட்-ஹவர். எடை 500 கிராம். 45 வாட் சார்ஜிங்.

ஒன்பிளஸ் பேட்: 37,999 ரூபாய். 9,510 எம்ஏஎச், சுமார் 37 வாட்-ஹவர். எடை 552 கிராம். 67 வாட் சார்ஜிங்.

நான்கும் ஒரே மாதிரி 3 வாட் செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஐபேட் சுமார் 9.6 மணி நேரம், சாம்சங் 10.3, ஷாவ்மி 11.3, ஒன்பிளஸ் 12.3 மணி நேரம் ஓட வேண்டும். ஆனால் நான்கும் ஒரே மாதிரி செலவழிப்பதில்லை. ஐபேடின் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, சாம்சங் 90 முறை. ஷாவ்மியும் ஒன்பிளஸும் 144 முறை வரை போகும். அவற்றின் திரைகளில் புள்ளிகளும் அதிகம், அளவும் பெரிது. பெரிய பேட்டரியில் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதியை அந்தத் திரையே சாப்பிட்டுவிடும்.

"எங்க டேப்ல பேட்டரி பெருசு" என்பவரும் "எங்க டேப்ல சாஃப்ட்வேர் சிக்கனம்" என்பவரும் இரண்டு பக்கமும் பாதி சரியாகத்தான் பேசுகிறார்கள். புதிதாக வாங்கும்போது இந்த நான்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் பயன்பாடு அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

பேட்டரியை எது தின்னுது?

முதலில் வருவது திரையின் வெளிச்சம். பதினோரு அங்குல எல்சிடி திரையில் பின்னால் எரியும் விளக்குதான் பெரிய செலவாளி. முழு வெளிச்சத்தில் வைத்து ஜன்னலோரம் படிப்பதற்கும், அறைக்குள் பாதி வெளிச்சத்தில் படிப்பதற்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். இந்த நான்கிலும் இருப்பது எல்சிடி வகைத் திரை. அதனால் 'டார்க் மோட்' போட்டால் பேட்டரி மிச்சமாகும் என்ற எண்ணம் இங்கே பெரிதாகப் பலிக்காது. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒளிரும் ஓஎல்இடி திரையில்தான் கறுப்புப் பின்னணி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். எல்சிடியில் எழுத்து கறுப்பானாலும் வெள்ளையானாலும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது நெட்வொர்க். ஐபேடில் வைஃபையில் 10 மணி நேரம் என்றால், சிம் போட்டு மொபைல் டேட்டாவில் 9 மணி நேரம் என்று ஆப்பிளே சொல்கிறது. சிக்னல் பலவீனமான இடத்தில் இன்னும் குறையும். ஷாவ்மி பேட் 7, ஒன்பிளஸ் பேட் போன்றவை இந்தியாவில் வைஃபை மட்டுமே உள்ளவை. பிஜியில் வைஃபை சரியில்லை என்றால் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட வேண்டியிருக்கும். அப்போது டேப் நிற்கும், போன் படுத்துவிடும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, என்ன செய்கிறீர்கள் என்பது. முன்பே டவுன்லோட் செய்த வகுப்பு வீடியோவைப் பார்ப்பது சிக்கனமானது. அதே வகுப்பை நேரலையில், கேமராவும் மைக்கும் இயங்க, ஜூம் போன்ற செயலியில் பார்ப்பது அதிகச் செலவு. ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களின் கனமான பிடிஎஃப்களை வேகமாகப் புரட்டும்போது பிராசஸர் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக விரிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு இது தினசரி அனுபவம்.

திரையின் 144 ஹெர்ட்ஸ் வேகத்தை 60 ஆகக் குறைப்பது, வெளிச்சத்தைப் பாதியில் வைப்பது, வகுப்புகளை முதலிலேயே இறக்கிக்கொள்வது ஆகிய மூன்றும் ஒரு பைசா செலவில்லாமல் பேட்டரி நேரத்தை நீட்டிக்கும் வழிகள்.

சார்ஜ் எவ்வளவு சீக்கிரம் ஏறணும்?

பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேட்பவர்கள், எத்தனை மணி நேரத்தில் ஏறும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். சாம்சங்கின் மலிவு விலை மாடலான கேலக்ஸி டேப் ஏ9 பிளஸில் 7,040 எம்ஏஎச் பேட்டரி இருக்கிறது. சார்ஜிங் வேகம் 15 வாட். கணக்குப்படி 27 வாட்-ஹவரை 15-ஆல் வகுத்தால் 1.8 மணி நேரம் வரும். ஆனால் வெப்பமாக வீணாவதும், 80 சதவீதத்துக்கு மேல் வேகம் தானாகக் குறைவதும் சேர்ந்து நடைமுறையில் இதைவிட நன்றாகவே நீளும். 67 வாட் ஏற்கும் டேப்பில், குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் பெரும்பகுதி ஏறிவிடும்.

இரவு முழுவதும் அறையில் பிளக் பாயிண்ட் கிடைப்பவருக்கு இந்த வேகம் தேவையில்லை. நான்கு பேர் தங்கும் அறையில் இரண்டே பிளக் பாயிண்ட் இருந்தால், வேகமான சார்ஜிங் ஒரு மணி நேரக் கூடுதல் பேக்கப்பைவிட அதிகம் உதவும்.

"கரண்ட் பில் ஏறுது, டேப்பை ராத்திரி முழுக்க சார்ஜ் போடாதீங்க" என்று சொல்லும் பிஜி உரிமையாளர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 30 வாட்-ஹவர் பேட்டரியை முழுதாக நிரப்ப, வீணாவதையும் சேர்த்து சுமார் 40 வாட்-ஹவர் போதும். ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-ஹவர். ஆக, ஒரு யூனிட்டில் 25 முறை முழுதாக சார்ஜ் செய்யலாம். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு தடவைக்கு 40 காசு!

ஊருக்குப் போகும்போது கதை வேறு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லியிலிருந்து சென்னைக்கு சுமார் 33 மணி நேரம். எந்த டேப்பும் ஒரே சார்ஜில் அவ்வளவு தூரம் வராது. சில ரயில்களில் தீ விபத்து அச்சத்தால் இரவு நேரத்தில் சார்ஜிங் பாயிண்டுகளை நிறுத்தி வைப்பதும் உண்டு. பவர் பேங்க் எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 37 வாட்-ஹவர். மாற்றும்போது வீணாவது போக 25, 26 வாட்-ஹவர்தான் டேப்புக்கு வந்து சேரும். அதாவது ஒரு ஐபேடுக்கு ஒரு முழு சார்ஜ்கூட வராது.

பேட்டரியா, வசதியா?

படிப்புக்காக வாங்குபவர்களுக்கு முக்கியமான வசதிகள் மூன்று: பேனா, திரையின் வடிவம், எத்தனை ஆண்டுகள் அப்டேட் வரும் என்பது.

பேனாவில்தான் விலை ஏமாற்றும். 34,900 ரூபாய் ஐபேடுக்கு ஆப்பிள் பென்சில் தனி. யுஎஸ்பி-சி பென்சிலின் விலை 7,900 ரூபாய். சேர்த்தால் 42,800. அதிலும் எழுத்தின் அழுத்தத்தை உணரும் வசதி இல்லை. ஷாவ்மிக்கும் ஒன்பிளஸுக்கும் பேனா தனியாகத்தான் வாங்க வேண்டும். சாம்சங் எஸ்9 எஃப்இ-யில் பேனா விலையிலேயே அடங்கிவிடுகிறது. அதனால் பலகை விலையை மட்டும் ஒப்பிடாமல், பேனா, கவர், சார்ஜர் எல்லாம் சேர்த்து ஒப்பிட வேண்டும். இதைவிட மலிவான டேப் ஏ9 பிளஸ், ஒன்பிளஸ் பேட் கோ ஆகியவற்றில் அந்தந்த நிறுவனத்தின் பேனா வேலையே செய்யாது. வாங்கியபின் தெரிந்து வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், அத்தனையும் காகிதத்தில் கையால் எழுத வேண்டியவை. கண்ணாடித் திரையில் வழுக்கும் பேனாவால் பழகிய கை, காகிதத்தில் மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்காது. குறிப்பெடுக்கவும், பிடிஎஃப்பில் கோடிடவும் பேனா நல்லது. விடை எழுதிப் பழக நோட்டும் பால்பாயிண்ட் பேனாவும்தான். இதற்காக மட்டும் 8,000 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை.

திரையின் வடிவத்தை யாரும் கேட்பதில்லை, ஆனால் தினமும் கண்ணில் படுவது அதுதான். ஏ4 காகிதத்தின் நீள அகல விகிதம் 1.41. ஒன்பிளஸ் பேட் 1.4, ஐபேட் 1.44, ஷாவ்மி பேட் 7 1.5, சாம்சங் எஸ்9 எஃப்இ 1.6. முதல் இரண்டில் ஒரு ஏ4 பக்கம் திரையை ஏறக்குறைய முழுதாக நிரப்பும். சாம்சங்கில் மேலும் கீழும் கொஞ்சம் இடம் காலியாக நிற்கும், எழுத்து சற்றே சிறுக்கும். வீடியோ பார்க்கும்போது இது அப்படியே தலைகீழ். அகலத் திரைதான் அங்கே வசதி.

அப்டேட் விஷயத்தில், எஸ்9 எஃப்இ-க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகளும் ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட்டும் என்று சாம்சங் அறிவித்தது. ஐபேடுகளுக்கும் ஆப்பிள் பல ஆண்டுகள் அப்டேட் தருவது வழக்கம். வேறு எந்த பிராண்டை வாங்கினாலும் இந்த உறுதிமொழி எத்தனை ஆண்டு, அது எந்த ஆண்டில் தொடங்கியது என்று பாருங்கள். 2023 மாடலை இன்று தள்ளுபடியில் வாங்கினால் அதில் சில ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன.

டெல்லி வெயிலில் பேட்டரிக்கு என்ன ஆகும்?

ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே, ஜூன் மாதங்களில் டெல்லி 45 டிகிரியைத் தொடுகிறது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள, ஏசி இல்லாத அறையில், கவர் போட்ட டேப்பை சார்ஜில் வைத்தபடியே வகுப்பு பார்த்தால், பேட்டரிக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

லித்தியம்-அயன் பேட்டரி இரண்டு காரணங்களால் தேய்கிறது: எத்தனை முறை முழுதாக நிரம்பிக் காலியாகிறது என்பது ஒன்று, எவ்வளவு நேரம் சூடாகவும் 100 சதவீதத்திலும் இருக்கிறது என்பது இன்னொன்று. அதனால்தான் புதிய டேப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி வந்திருக்கிறது. அதைப் போட்டு வைப்பதால் இன்று இரண்டு மணி நேரம் குறையும், ஆனால் மூன்றாவது ஆண்டில் அது திரும்பக் கிடைக்கும்.

ஜனவரிக் குளிரில் டேப் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கினால் பயப்பட வேண்டாம். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மெதுவாகும். அறை சூடானதும் சரியாகிவிடும். வெயிலில் ஏற்படும் தேய்மானம் அப்படித் திரும்பாது.

பழைய டேப் வாங்கலாமா?

கஃபார் மார்க்கெட்டின் கவர்ச்சியே இதுதான். 'சீல் பேக்', 'ஓபன் பாக்ஸ்', 'ரீஃபர்பிஷ்டு', 'யூஸ்டு' என்று ஒரே மாடல் நான்கு விலையில் கிடைக்கும். பாதி விலையில் கிடைக்கும் மூன்று வயது ஐபேடில் திரையும் பிராசஸரும் நன்றாகவே இருக்கலாம். தேய்ந்திருப்பது பேட்டரிதான், அதுதான் வெளியே தெரியாது.

ஐபோனில் இருப்பதுபோல 'பேட்டரி ஹெல்த்' பகுதியைத் தேடாதீர்கள். ஐபேடில் அது எம்4 ஐபேட் ப்ரோ, எம்2 ஐபேட் ஏர், ஏ17 ப்ரோ ஐபேட் மினி, ஏ16 ஐபேட் ஆகியவற்றிலிருந்துதான் வந்தது. 2022-ல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில்கூட அது இல்லை. கடைக்காரர் "பேட்டரி 95 பர்சென்ட்" என்று சொன்னால், எங்கே பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கவுண்டரிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தைப் பாதியில் வையுங்கள். ஏதாவது வீடியோவை அரை மணி நேரம் ஓடவிடுங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். 5 சதவீதம் இறங்கியிருந்தால் பத்து மணி நேரம் என்பது நம்பத்தக்கது. 10 சதவீதம் இறங்கியிருந்தால் ஐந்து மணி நேரம்தான். முதல் சில சதவீதங்கள் சில டேப்களில் மெதுவாக இறங்கும் என்பதால் 100-லிருந்து தொடங்காமல் 80-ஐ ஒட்டித் தொடங்குவது நல்லது. அரை மணி நேரம் தர மறுக்கும் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கூடவே பார்க்க வேண்டியவை:

டேப்பைக் கண்ணாடி மேசையில் மல்லாக்க வையுங்கள். ஆடினாலோ, திரை ஓரத்தில் தூக்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அது தீ அபாயம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பழைய உரிமையாளரின் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு முழுதாக நீக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து, புதிதாகத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

தொடங்கும்போது ஏதாவது நிறுவனமோ பள்ளியோ இந்தக் கருவியை நிர்வகிக்கிறது என்ற அறிவிப்பு வந்தால் வாங்காதீர்கள். எப்போது வேண்டுமானாலும் பூட்டப்படலாம்.

சிம் போடும் டேப் என்றால் ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபாருங்கள். திருட்டுப் பொருள் என்று முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். வைஃபை மட்டும் உள்ள டேப்களுக்கு ஐஎம்இஐ கிடையாது, வரிசை எண்தான் ஆதாரம்.

"பேட்டரி போனா இங்கயே மாத்தித் தர்றோம்" என்பதும் கஃபாரில் கேட்கும் வசனம்தான். டேப்பில் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பல மாடல்களில் திரையைச் சூடாக்கிப் பெயர்த்துத்தான் உள்ளே போக முடியும். திரை உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். மாற்றும் பேட்டரிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்-ஸின் பதிவு கட்டாயம். அதன் மீதுள்ள 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

பக்கா பில்லா, கச்சா பில்லா?

"பில் இல்லாம எடுத்தா ரெண்டாயிரம் கம்மி" என்று சொல்வார்கள். கச்சா பில் என்பது வெறும் துண்டுச் சீட்டு. பக்கா பில் என்பது ஜிஎஸ்டி எண், வரிசை எண், தேதி எல்லாம் உள்ள ரசீது. டேப்லெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் அந்தத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்பது புரியும். ஆனால் ஆறாவது மாதத்தில் பேட்டரி பழுதானால் உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த ரசீதுதான்.

வெளிநாட்டிலிருந்து வந்த மாடல்களில் இன்னொரு சிக்கல். சில பிராண்டுகள் வேறு நாட்டுக்கான கருவிக்கு இந்தியாவில் வாரண்டி தருவதில்லை. சீனச் சந்தைக்கான டேப்களில் கூகுள் பிளே ஸ்டோர் இல்லாமலும் வரலாம். பெட்டியில் இந்திய எம்ஆர்பி, இறக்குமதியாளர் முகவரி, பிஐஎஸ் குறி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரசீது இருந்தும் கடையோ நிறுவனமோ கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். டெல்லியில் வாங்கிவிட்டு ஊர் திரும்பியவர் மதுரையிலேயே புகார் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி.

ஐரோப்பாவில் எப்படி?

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களிலும் டேப்லெட்டுகளிலும் ஃபிரிட்ஜில் ஒட்டுவதுபோல ஒரு ஆற்றல் லேபிள் கட்டாயம். ஒரே பொதுச் சோதனையில் ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி, எத்தனை நிமிடம் ஓடியது என்பதும், எத்தனை சார்ஜ் சுழற்சி தாங்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். 800 சுழற்சிக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்பது விதி.

ஒரே சோதனை என்பதால்தான் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தச் சோதனையில் எடுத்த 'பத்து மணி நேரத்தை' அப்படி ஒப்பிட முடியாது. இந்தியாவில் ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரக் குறியீடு இருக்கிறது. டேப் வாங்கும்போது அப்படி ஒரு லேபிளை இங்கே பார்க்க முடியாது. ஆனால் அங்கே விற்கும் அதே மாடலை இங்கே வாங்குகிறீர்கள் என்றால், அதன் ஐரோப்பிய லேபிளை இணையத்தில் தேடிப் பார்ப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

சரி, எதை வாங்குறது?

வகுப்பு வீடியோவும் பிடிஎஃப் வாசிப்பும் மட்டும்தான், பேனா வேண்டாம் என்றால் 28,000 ரூபாய் வரம்பில் உள்ள ஷாவ்மி பேட் 7 போன்றவையே போதும். அதிக விலை கொடுத்து வாங்கும் கூடுதல் ஒரு மணி நேரம் வெளிச்சத்தைக் குறைத்தாலே கிடைத்துவிடும்.

நிறையக் குறிப்பெடுப்பவர், பேனாவுக்குத் தனியாகச் செலவழிக்க விரும்பாதவர் எஸ் பென் உள்ள சாம்சங்கைப் பார்க்கலாம்.

நான்கைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர், எடை குறைவாக வேண்டும் என்பவர் ஐபேடைப் பார்க்கலாம். பென்சில் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிளக் பாயிண்டுக்கு அடிதடி நடக்கும் அறையில் இருப்பவருக்கு வேகமான சார்ஜிங்தான் முக்கியம்.

பழையதுதான் கட்டுப்படியாகும் என்றால் அரை மணி நேரச் சோதனையும் பக்கா பில்லும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கரோல் பாக் மார்க்கெட்டுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. வேறு நாளில், கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்துப் போங்கள். அரை மணி நேரம் வீடியோ ஓட்டிப் பார்க்க அப்போதுதான் விடுவார்கள்.